நகம் வெட்டி வாங்கும் வேலை

நகம் எங்கள் மேசைக்குப் பொட்டலமாகத்தான் வரும். கறுப்புக் காகிதத்தில் மடித்து, மேலே பேரும் ஓ.பி. எண்ணும் எழுதி, ஓரத்தில் ‘நகச்சொத்தை, பூஞ்சையா?’ என்று டாக்டர் கேட்ட கேள்வியோடு. கறுப்புக் காகிதம் எதற்கென்றால், நகத்தூள் வெளுப்பு; வெள்ளைத் தாளில் விழுந்தால் கண்ணுக்குத் தட்டுப்படாது. காகிதத்தில் ஈரம் தங்காததால் பாக்டீரியா பெருகுவதில்லை, பூஞ்சையோ வாரக்கணக்கில் உயிரோடு கிடக்கும். ரத்தம், சளி, தண்டுவட நீர் என்று எல்லா மாதிரியும் ஓட்டமாக வந்து இறங்குகிற நுண்ணுயிரியல் லேபில் நகத்துக்கு மட்டும் அவசரமே கிடையாது. முழு முடிவு வர நான்கு வாரம் ஆகும். அதனாலேயே புதிதாகச் சேருகிறவர்களை முதலில் பூஞ்சை மேசையில் உட்கார வைப்பார்கள். நானும் அப்படித்தான் உட்கார்ந்தேன். பிறகு அங்கிருந்து எழ மனம் வரவில்லை.

நகச்சொத்தை என்று ஊரில் சொல்வது எல்லாமே பூஞ்சை இல்லை. தடித்து, நிறம் மாறி, பொடிந்து வருகிற நகங்களில் ஏறக்குறைய பாதிதான் பூஞ்சையால் வந்தவை. மீதியில் சொரியாசிஸ் இருக்கும், இறுக்கமான ஷூ இருக்கும், கல்லில் இடித்த பழைய அடி இருக்கும். பூஞ்சை என்று உறுதியானவற்றிலும் பெரும்பங்கு படர்தாமரை இனத்தைச் சேர்ந்தது. குறிப்பாக டிரைக்கோஃபைட்டான் ரூப்ரம். அடுத்தது கேண்டிடா என்கிற ஈஸ்ட். நாள் முழுக்கத் தண்ணீரில் கை நனைக்கிறவர்களின் விரல் நகத்தில் அதை அதிகம் பார்க்கலாம். இவை இரண்டும் போக மூன்றாவதாக ஒரு கூட்டம் உண்டு. மண்ணிலும் மரத்திலும் மக்கிய இலையிலும் பழைய தோல் செருப்பிலும் வாழ்கிற சாதாரணப் பூசணங்கள். பத்தில் ஒரு பங்கு என்று பாடப்புத்தகங்கள் பொதுவாகச் சொல்லும். நம்முடையதுபோன்ற வெப்ப நாடுகளில் அதைவிடக் கூடும். எண்ணிக்கையில் சிறிய இந்தக் கூட்டம்தான் என் வேலைநேரத்தில் பெரும்பகுதியைத் தின்றது.

நகத்தை எங்கிருந்து எடுக்கிறோம் என்பதிலேயே பாதி விடை இருக்கிறது. நுனியை மட்டும் கிள்ளி அனுப்பினால் அதில் இருப்பது செத்த இழைகளும் தெருப்புழுதியும்தான். பூஞ்சை உயிரோடு முன்னேறிக்கொண்டிருப்பது உள்ளே, நல்ல நகமும் கெட்ட நகமும் சேரும் எல்லையில். அங்கேதான் போகவேண்டும். முதலில் 70 சதவீத ஸ்பிரிட்டால் துடைத்து, பொடிந்த நகத்தை வெட்டி எடுத்து, அடியில் சேர்ந்திருக்கும் தூளைச் சுரண்டி, முதல் சுரண்டலைத் தூக்கிப் போட்டுவிட்டு அடுத்ததைத்தான் எடுத்துக்கொள்வோம். மேலோட்டமான அழுக்கை விலக்கத்தான் இத்தனையும். எங்கள் பக்கத்துப் பெண்களின் காலில் மஞ்சளும் மருதாணியும் இருக்கும். பூஞ்சையின் மஞ்சளா, பூசிய மஞ்சளா என்று விளக்கைச் சாய்த்துப் பார்த்துத்தான் முடிவு செய்யவேண்டும். நெயில் பாலிஷ் போட்டுவந்தால் கழுவிவிட்டு மறுநாள் வரச் சொல்வேன்.

அடுத்தது கே.ஓ.எச். என்று நாங்கள் சொல்லும் பொட்டாசியம் ஹைட்ராக்சைடு கரைசல். தோலுக்கு 10 சதவீதம் போதும். நகம் கெட்டி, 20 முதல் 40 சதவீதம் வரை வேண்டும். காலையில் சின்னக் குழாயில் நகத்தை ஊறப்போட்டால் சாயங்காலமோ மறுநாளோ கூழாகிவிடும். நகத்தின் கெரட்டின் கரைந்துபோகும், பூஞ்சையின் சுவர் கரையாது. அந்தக் கூழில் ஒரு துளியை ஸ்லைடில் வைத்து, கவர்ஸ்லிப்பை மெல்ல அழுத்தி, கண்டென்சரைக் கீழே இறக்கி வெளிச்சத்தைக் குறைத்துப் பார்க்கவேண்டும். வெளிச்சம் கூடினால் ஒன்றும் தெரியாது. படர்தாமரை இனமென்றால் சீரான அகலத்தில் நேராக ஓடும் இழைகள் தெரியும். இடையிடையே குறுக்குச்சுவர், அங்கங்கே கிளை. பூசணங்களின் இழை பல நேரம் வளைந்து நெளிந்து, ஓரிடத்தில் பருத்து ஓரிடத்தில் மெலிந்து போகும். சிலவற்றில் இலேசான பழுப்பும் உண்டு. இந்த வித்தியாசம் முதல் சந்தேகத்தை மட்டும் கிளப்பும், தீர்ப்புச் சொல்லாது.

ஸ்லைடில் ஏமாற்றுகிறவையும் உண்டு. காலுறையிலிருந்து வந்த பருத்தி நூல் அப்படியே பூஞ்சை இழைபோல் கிடக்கும், குறுக்குச்சுவர் இருக்காது. தேங்காய் எண்ணெய்த் துளி ஈஸ்ட் செல்போல் உருண்டு நிற்கும், மொட்டு விட்டிருக்காது. செல்களின் எல்லையை ஒட்டிக் கொலஸ்டிரால் படிந்து வலைப்பின்னலாகத் தெரிவது ஒன்று உண்டு. அதற்கு ‘மொசைக் ஃபங்கஸ்’ என்றே பெயர் வைத்துவிட்டார்கள். பூஞ்சைக்கும் அதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. எனக்கு வேலை கற்றுக்கொடுத்த சீனியர், ஒரு ஸ்லைடைக் குறைந்தது பத்து நிமிடம் பார்க்காமல் ‘இல்லை’ என்று எழுத விடமாட்டார்.

பிறகு கல்ச்சர். ரேமோன் சபூரோ என்ற பிரெஞ்சுத் தோல் மருத்துவரின் பெயரால் வழங்கும் அகார்தான் இன்றைக்கும் எங்கள் அடிப்படை உணவு. நகப் பூசண விஷயத்தில் முக்கியமான இடம் இங்கேதான் வருகிறது. டியூபை இரண்டு விதமாகத் தயாரிக்கவேண்டும். இரண்டிலும் பாக்டீரியாவை அடக்க குளோராம்ஃபெனிகால் உண்டு. ஒன்றில் மட்டும் கூடவே சைக்ளோஹெக்சிமைடு சேர்ப்போம்; லேபில் அதைச் ‘சைக்ளோ’ என்போம். படர்தாமரை இனத்தைச் சைக்ளோ ஒன்றும் செய்யாது. காற்றில் வரும் பூசணங்களில் பெரும்பாலானவற்றை அது முளைக்கவே விடாது. படர்தாமரையைத் தேடுகிறவருக்கு அது வரம்தான். ஆனால் நோய்க்குக் காரணமே அந்தப் பூசணமாக இருந்தால், சைக்ளோ டியூபை மட்டும் வைத்திருக்கிற லேப் நான்கு வாரம் காத்திருந்து ‘வளர்ச்சி இல்லை’ என்று எழுதி அனுப்பிவிடும். நகத்தில் கிருமி உயிரோடு இருக்கும், தாளில் இருக்காது.

சைக்ளோ இல்லாத டியூபுக்கும் ஒரு தொல்லை உண்டு. அதில் எது வேண்டுமானாலும் முளைக்கும். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் லேபின் சுவரே பூசணம் பூத்திருக்கும்போது டியூபைத் திறந்து மூடுகிற நேரத்தில் ஓர் ஆஸ்பெர்ஜில்லஸ் வித்து உள்ளே விழ எவ்வளவு நேரம் ஆகும்? நகத்தோடு ஒட்டிக்கொண்டு வந்த மண்தூசியும் முளைக்கும். களவு நடந்த வீட்டில் இருந்தவர்கள் எல்லாரையும் திருடன் என்று பிடித்துக்கொண்டு போக முடியுமா? டியூபில் முளைத்ததற்கெல்லாம் நோய் என்று ரிப்போர்ட் எழுதினால் நடப்பது அதுதான்.

இதற்கு ஒரு நியதி வகுத்தவர் மேரி இங்லிஷ் என்ற பிரிட்டிஷ் பூஞ்சையியலாளர். 1976-இல் அவர் சொன்னதை இன்றும் எங்கள் மேசைகளில் பின்பற்றுகிறோம். படர்தாமரை இனம் வளர்ந்தால் அதுவே காரணம், மேலே கேள்வி இல்லை. பூசணம் வளர்ந்தால், நகத்தையே நேரடியாக ஸ்லைடில் பார்த்தபோது இழை தெரிந்திருந்தால் மட்டுமே அதைக் கணக்கில் எடுக்கவேண்டும். அத்தோடு, 20 நகத்துண்டுகளை அகாரில் வைத்தால் குறைந்தது 5 துண்டுகளில் அதே பூசணம் முளைத்திருக்கவேண்டும். படர்தாமரை இனம் எதிலும் வந்திருக்கக்கூடாது. பின்னால் வந்தவர்கள், வேறொரு நாள் புதிதாக நகம் எடுத்து அதிலும் அதே பூசணம் வருகிறதா என்று பார்ப்பதற்கு அதிக எடை கொடுத்தார்கள். எங்கள் லேபில் ஒரு டியூபுக்கு ஐந்து துண்டாக நான்கு டியூபில் குத்திவைப்போம். குத்திவைத்த இடத்திலிருந்தே பூசணம் கிளம்பியிருக்கிறதா, கண்ணாடி ஓரத்தில் தனியாக முளைத்திருக்கிறதா என்பதையும் குறித்துக்கொள்வோம். ஓரத்தில் முளைத்தது காற்றில் வந்தது.

நியதியைத் தாளில் எழுதுவது சுலபம். நோயாளியிடம் சொல்வதுதான் கஷ்டம். வயல்வேலையை விட்டுவிட்டு இரண்டு பஸ் மாறி வந்த மனிதரிடம் மறுபடியும் நகம் கேட்டால் அவர் சும்மா இருப்பாரா?

“ஏம்மா, போன தடவ வெட்டுன நகத்த என்ன பண்ணீங்க? தொலைச்சிட்டீங்களா?”

“இல்லைங்கய்யா, அதுல ஒரு பூசணம் வளந்திருக்கு. உங்க நகத்துலேருந்துதான் வந்துச்சா, காத்துல வந்து விழுந்துச்சான்னு இன்னொரு தடவ பாத்துட்டாச் சந்தேகம் தீந்துடும்.”

“அது காத்துல வந்தா என்னம்மா, சேத்துல வந்தா என்ன? மாத்திரைய எழுதிக் குடுக்கச் சொல்லுங்க.”

மாத்திரை எழுத முடியாத காரணத்தை விளக்குவதற்குள் வரிசையில் பின்னால் நிற்பவர்கள் முணுமுணுக்க ஆரம்பித்துவிடுவார்கள். ஆனாலும் விளக்கித்தான் ஆகவேண்டும். கால் நகத்துக்கு டெர்பினாஃபைன் 250 மில்லிகிராம் தினம் ஒன்று, 12 வாரம். கல்லீரல் சோதனை பார்த்துக் கொடுக்கிற மாத்திரை. படர்தாமரை இனத்துக்கு நன்றாகக் கேட்கும்; பூசணங்களிடம் அந்த நம்பிக்கை வைக்க முடியாது. ஆஸ்பெர்ஜில்லஸ் பெரும்பாலும் பணிந்துவிடும், மற்றவை முரண்டு பிடிக்கும். பெயர் தெரியாமல் மூன்று மாதம் விழுங்கினால் காசும் போகும், காலமும் போகும்.

பெயருக்குள் போனால் ஒவ்வொன்றுக்கும் ஒரு சரித்திரம் உண்டு. ஸ்கோபுலேரியாப்சிஸ் பிரெவிகாலிஸ் நகப் பூசணங்களில் பழைய ஆள். பெரும்பாலும் கால் கட்டைவிரல் நகத்தைப் பிடிக்கும். டியூபில் முதலில் வெளுப்பாக வந்து, சில நாளில் இலவங்கப்பட்டைப் பொடியின் நிறத்துக்கு மாறித் தூள்தூளாக நிற்கும். இதன் வித்து சொரசொரப்பாக, தடித்த சுவரோடு, அடிப்பக்கம் தட்டையாக இருக்கும். நகத்தின் கே.ஓ.எச். ஸ்லைடிலேயே இந்த வித்துகள் கொத்தாகத் தெரிந்துவிட்டால் கல்ச்சர் வருமுன்பே பாதி உறுதி. 19-ஆம் நூற்றாண்டில் ஐரோப்பாவில் ஆர்செனிக் கலந்த பச்சை நிறச் சுவர்த்தாள் ஒட்டிய வீடுகளில் ஆட்கள் நோயுற்றதை ஆராய்ந்த பர்த்தலோமியோ கோசியோ என்ற இத்தாலிய மருத்துவர், ஈரத்தாளில் வளரும் பூசணம் ஆர்செனிக்கிலிருந்து பூண்டு வாடையடிக்கும் வாயுவை விடுகிறது என்று காட்டினார். அவர் கையாண்ட பூசணம் இதே இனம்தான். சுவர்த்தாளைத் தின்றது நகத்தையும் தின்னக் கற்றுக்கொண்டிருக்கிறது. கெரட்டினை உடைக்கும் திறன் பெரும்பாலான பூசணங்களுக்குக் குறைவு. அதனால்தான் அவை அடிபட்ட நகம், வயதான நகம், ஏற்கெனவே படர்தாமரை பிடித்த நகம் என்று பார்த்து நுழைகின்றன. இந்த ஸ்கோபுலேரியாப்சிஸுக்கு அந்தத் திறன் ஓரளவு உண்டு.

ஃப்யூசேரியம் வேறு ரகம். டியூபில் பஞ்சுபோல் வெளுப்பாக வந்து ரோஜா நிறமோ ஊதாவோ ஏறும். லாக்டோஃபீனால் காட்டன் புளூ சாயத்தில் கதிரரிவாள் வடிவ வித்துகள் நீலமாகத் தெரியும். மைக்ராஸ்கோப்பில் எனக்கு மிகவும் பிடித்த காட்சி அதுதான். நகத்தைச் சுற்றித் தோல் சிவந்து, வீங்கி, சில நேரம் சீழும் இருந்தால் இதை நினைக்கவேண்டும். தமிழ்நாட்டில் இந்தப் பூசணத்தைக் கண் மருத்துவர்கள் எங்களைவிட நன்றாக அறிவார்கள். நெற்பயிரின் தாளோ மண்ணோ கண்ணில் பட்டுக் கருவிழியில் வரும் பூஞ்சைப் புண்ணுக்குத் தென்னிந்தியாவில் முதன்மைக் காரணங்களில் ஒன்று ஃப்யூசேரியம். அரவிந்த் கண் மருத்துவமனைகளில் நடந்து 2013-இல் வெளியான ஓர் ஆய்வு, இந்தப் புண்ணுக்கு விலை கூடிய வோரிகோனசோலைவிடப் பழைய நாட்டாமைசின் சொட்டு மருந்தே மேல் என்றது. அந்த வித்தியாசம் ஃப்யூசேரியத்தில்தான் பளிச்சென்று தெரிந்தது. பூஞ்சையின் பெயர் மருந்தை மாற்றும் என்பதற்கு நம் ஊரிலேயே கிடைத்த சாட்சி அது.

நகத்தில் ஃப்யூசேரியம் வந்தால் பொதுவாக உயிருக்கு ஆபத்தில்லை. ரத்தப் புற்றுநோய்க்கு கீமோதெரபி எடுத்து வெள்ளையணுக்கள் சரிந்துபோன நோயாளியிடம் மட்டும் கதை வேறு. கால்விரல் நகத்தோரத்தில் கிடந்த பூசணம் ரத்தத்தில் இறங்கி உடல் முழுக்கப் பரவலாம். அந்த வார்டிலிருந்து நகம் வந்தால் மட்டும் நான் நான்கு வாரக் கணக்குப் பார்க்கமாட்டேன். அன்றைக்கே ஸ்லைடு பார்த்து, இழை தெரிந்தால் போனில் சொல்லிவிடுவேன்.

மூன்றாவது ஆள், நியோஸ்கைட்டாலிடியம் டிமிடியேட்டம். அடிப்படையில் இது மரத்தின் நோய். 1933-இல் எகிப்தில் நாட்ராஸ் என்பவர் இதைப் பழமரங்களில் கண்டு வேறொரு பெயரில் எழுதினார். மாமரம், எலுமிச்சை இன மரங்களின் கிளையைக் காய வைக்கும். டிராகன் பழச் செடியின் தண்டில் புண் வரவழைக்கும். மனிதக் காலிலும் நகத்திலும் இருப்பதை 1970-இல் ஜென்டில்ஸும் எவான்ஸும் பிரிட்டனில் அறிவித்தார்கள். அந்த நோயாளிகள் வெப்ப நாடுகளிலிருந்து அங்கே குடியேறியவர்கள்.

தோப்புக் காவல் பார்க்கும் பெரியவர் ஒருவர் வந்திருந்தார். தென்னையும் மாவும் கலந்த தோப்பு. இரண்டு கால் கட்டைவிரல் நகமும் பக்கவாட்டில் கறுத்துத் தடித்திருந்தன. உள்ளங்கால் மாவு தூவியதுபோல் செதில் உதிர்ந்தது. விரலிடுக்கு வெளுத்து ஊறியிருந்தது. சேற்றுப்புண் என்று பல வருடமாக ஏதோ களிம்பு போட்டிருக்கிறார். பார்த்தால் அச்சு அசலாக ரூப்ரம். அப்படி நினைத்து யாரோ டெர்பினாஃபைனை மூன்று மாதம் கொடுத்திருந்தார்கள், பலனில்லை. வெளியே செய்த கல்ச்சரில் ‘வளர்ச்சி இல்லை’.

எங்கள் ஸ்லைடில் இழைகள் தாராளமாகத் தெரிந்தன. நெளிந்து, அகலம் ஒழுங்கில்லாமல். சைக்ளோ டியூப்கள் துடைத்துவைத்ததுபோல் இருந்தன. மற்ற டியூப்களில் மூன்றாம் நாளே சாம்பல் நிறப் பஞ்சு. ஒரு வாரத்துக்குள் மூடி வரைக்கும் அடைத்துக்கொண்டு கறுத்துவிட்டது. டியூபைத் திருப்பிப் பார்த்தால் அடிப்பக்கமும் கறுப்பு. சாயம் போட்டுப் பார்த்தபோது இழைகளே துண்டுதுண்டாக உடைந்து பழுப்பு வித்துகளாக நின்றன. சிலவற்றின் நடுவில் ஒரு குறுக்குச்சுவர். இரண்டாம் முறை நகம் எடுத்தோம். உள்ளங்கால் செதிலும் எடுத்தோம். எல்லாவற்றிலும் அதுவே.

“மாமரத்துக்கு வர்ற நோய்ங்கய்யா இது. உங்க கால்ல வந்திருக்கு” என்றேன்.

“மரத்துக்கு வந்தா அந்தக் கெளைய வெட்டிருவோம். இப்ப எனக்கு என்ன செய்யப்போறீங்க?” என்றார் சிரிக்காமல்.

கேள்வி நியாயமானது. இந்தப் பூசணத்துக்கு நம்பிக் கொடுக்கக்கூடிய மாத்திரை இன்றுவரை இல்லை. தோல் டாக்டர் 40 சதவீத யூரியா களிம்பால் நகத்தை மெதுவாக்கிச் சீவி எடுத்து, அடியில் நேரடியாக மருந்து பூசும் வழியைத் தேர்ந்தெடுத்தார். கால் நகம் மாதத்துக்கு ஒன்று, ஒன்றரை மில்லிமீட்டர்தான் வளரும். கட்டைவிரல் நகம் முழுதாக மாற ஒரு வருடம் முதல் ஒன்றரை வருடம் வரை ஆகும். பெரியவருக்கு உள்ளங்கால் சீக்கிரம் தேறிவிட்டது. ஒரு நகம் நன்றாக வந்தது, மற்றொன்று பாதியில் நின்றுகொண்டது. “செருப்பப் போட்டுக்கிட்டு தோப்புல வேல பாக்க முடியாதும்மா” என்று அவர் சொன்னதற்கு என்னிடம் பதில் இல்லை. அவர் தோப்பு மாமரத்திலிருந்துதான் அது வந்தது என்று நான் ரிப்போர்ட்டில் எழுத முடியாது. நகத்தில் இருப்பது அதுதான், வேறெதுவும் இல்லை என்று மட்டும் எழுத முடிந்தது. மேலும் ஒரு சுற்று டெர்பினாஃபைன் விழுங்காமல் அவரை அந்த ஒற்றை வரி காப்பாற்றியது.

பல வருடம் இந்த மேசையில் இருந்தபின் எனக்கு நிச்சயமாகத் தோன்றுவது இதுதான்: டியூபில் வளர்ந்த பூசணத்தைப் பார்த்தவுடன் நோய் என்று எழுதுவதும் தப்பு, பூசணம்தானே என்று குப்பையில் போடுவதும் தப்பு. முதல் நாள் ஸ்லைடில் என்ன தெரிந்தது, எத்தனை துண்டில் முளைத்தது, மறுபடி எடுத்தபோதும் வந்ததா என்று மூன்றையும் சேர்த்துப் படிக்கத் தெரிந்தால் போதும். பெரிய மெஷின் ஒன்றும் வேண்டாம். மைக்ராஸ்கோப், கே.ஓ.எச்., இரண்டு விதமான டியூப், கொஞ்சம் பொறுமை. மாவட்ட மருத்துவமனை எதிலும் செய்யக்கூடிய வேலை.

உங்களிடம் கேட்பதும் அதிகமில்லை. நகம் தடித்தாலோ நிறம் மாறினாலோ மருந்துக்கடையில் கேட்டு மாத்திரை வாங்காதீர்கள். ஸ்டீராய்டு கலந்த களிம்பைப் பூசாதீர்கள். நகச்சுற்றுக்கு விரலில் எலுமிச்சம்பழம் செருகிக்கொண்டு நாளைக் கடத்தாதீர்கள். சர்க்கரை நோய் உள்ளவர்கள் தினம் ஒரு தடவை கால்விரலையும் இடுக்கையும் பார்த்துக்கொள்ளுங்கள். சோதனைக்குப் பாலிஷ், மருதாணி இல்லாமல் வாருங்கள்; மருந்து ஏதாவது போட்டுவந்தால் அதையும் மறைக்காமல் சொல்லுங்கள். முடிவு வருகிற வரை பொறுங்கள். மறுபடியும் நகம் வேண்டும் என்று லேபில் கேட்டால் கோபப்படாமல் இன்னொரு தடவை காலை நீட்டுங்கள். உங்களுக்குச் சரியான மருந்து கிடைக்கத்தான் கேட்கிறோம்.